எந்த உறுப்பில் முளைத்தது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கைக்குழந்தை பால் குடிக்காமல் வயிறு உப்பிக் கிடந்தால், வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் தோன்றுவது குடலேற்றம்தான். லீ பஜார் மண்டிப் பக்கமோ கொலுசுப் பட்டறைச் சந்துகளிலோ விசாரித்தால், குடல் தட்டத் தெரிந்த கைராசிக்காரப் பாட்டி ஒருவரைக் காட்டுவார்கள். அவர் விளக்கெண்ணெய் தொட்டு வயிற்றை நீவுவார், குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டுவார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் கெடுதல் எதுவும் வருவதில்லை. வாயு பிரிந்து அழுகை நின்றால் பாட்டியின் பெயர் இன்னும் நாலு தெருவுக்குப் பரவும். ஆனால் எங்கோ ஒரு குழந்தைக்கு உப்பியிருப்பது குடலாக இல்லாமல் சிறுநீரகத்தில் வளர்ந்த கட்டியாக இருக்கலாம். அப்போது அந்த நீவல் பெரிய ஆபத்து.

வில்ம்ஸ் கட்டி என்பது குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய். 1899-இல் இதைப் பற்றி விரிவான நூல் எழுதிய ஜெர்மன் அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயரால் வழங்குகிறது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் தென்படும். மேலை நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆசியாவில் அதைவிடக் குறைவு. கட்டி தேங்காய் அளவுக்கு வளர்ந்த பிறகும் குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும், பல நேரம் வலிகூட இருக்காது. கட்டியைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. அழுத்தத்தில் அது கிழிந்தால் புற்றணுக்கள் வயிற்றறைக்குள் சிந்திவிடும். முதல் நிலையிலோ இரண்டாம் நிலையிலோ இருந்த நோய் அந்த நொடியில் மூன்றாம் நிலைக்குப் போய்விடுகிறது. அதற்கப்புறம் மருந்தும் கூடும், வயிற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் தேவைப்படலாம். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுகளில் இப்படிப்பட்ட குழந்தையின் கட்டிலில் ‘வயிற்றை அழுத்தக் கூடாது’ என்று அட்டை எழுதித் தொங்கவிடுவது இதனால்தான். பயிற்சி மருத்துவர்கள் ஆளுக்கொருவராக வந்து தொட்டுப் பார்க்கவும் அங்கே அனுமதியில்லை.

கையால் தொட்டு அறிய வழியில்லாத இடத்தில் கண்ணால் பார்த்து அறிய வேண்டியிருக்கிறது. இந்த அத்தியாயம் அந்தப் பார்வையைப் பற்றியது. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ., அணு மருத்துவ ஸ்கேன் எனக் கருவிகள் வரிசையாக இருக்கின்றன. விலை கூடிய கருவி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உண்மையில் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தக் கட்டி எந்த உறுப்பில் முளைத்தது?

பெரியவர்களின் வயிற்றுப் புற்றுநோய் என்றால் இரைப்பை, பெருங்குடல், கணையம் என்று நினைவுக்கு வரும். குழந்தைகளின் பட்டியல் வேறு. சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியிலோ நியூரோபிளாஸ்டோமா. கல்லீரலில் ஹெபடோபிளாஸ்டோமா, இது பெரும்பாலும் மூன்று வயதுக்குள், அதுவும் மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்குக் கூடுதலாக வருகிறது. குடலின் நிணத் திசுவில் பர்கிட் லிம்போமா. மனிதருக்கு வரும் கட்டிகளிலேயே மிக வேகமாக வளர்வது இது, ஒரு நாளிலேயே இரட்டிப்பாகக்கூடியது. கருவில் உறுப்புகள் உருவாகும்போது முதிர்ந்திருக்க வேண்டிய அணுக்கள் முதிராமல் நின்று பெருகுவதால் வருபவை இவற்றில் பல. சாப்பாடு, தாயின் கவனக்குறைவு என்று எதன் தலையிலும் பழியைப் போட இங்கே இடமில்லை. ‘நான் கர்ப்பமா இருக்கறப்ப என்னத்தையோ தின்னுட்டேனுங்களா?’ என்று கேட்காத தாய் இல்லை. இல்லை என்ற பதிலை மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வயிற்றில் தட்டுப்படும் எல்லாமே புற்றுநோயும் இல்லை. பிறந்த சில வாரங்களில் தட்டுப்படும் வீக்கங்களில் பெரும்பங்கு சிறுநீர் தேங்கி உப்பிய சிறுநீரகமோ நீர்க்கட்டிகளால் ஆன சிறுநீரகமோதான். மூன்று நான்கு வயதில் நாள்பட்ட மலச்சிக்கல் கல்லாட்டம் கட்டி தட்டும். சிறுநீர் நிறைந்த பைகூடக் கட்டி போலத் தோன்றி, குழந்தை ஒன்றுக்குப் போனதும் மறைந்துவிடும். இவை அத்தனையையும் புற்றுநோயிலிருந்து பத்து நிமிடத்தில் பிரித்துக் காட்டும் கருவி ஒன்று உண்டு. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்தும் வேண்டாம். அதுதான் அல்ட்ராசவுண்ட்.

ஸ்கேன் அறைக்குள் போய்ப் பார்ப்போம். விளக்கைக் குறைத்திருக்கிறார்கள். கட்டிலில் தாய் சாய்ந்து உட்கார்ந்திருக்க, மடியில் இரண்டரை வயதுப் பிள்ளை. ‘எப்ப இருந்தும்மா இப்படி இருக்கு?’ ‘நேத்து தண்ணி ஊத்தறப்பதாங்க கையில தட்டுப்பட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலீங்க.’ ஜெல் பாட்டிலை நர்ஸ் முன்பே வெந்நீரில் வைத்து எடுத்திருக்கிறார். குளிர்ந்த ஜெல் வயிற்றில் பட்டால் பிள்ளை வீறிடும், வீறிட்டால் வயிறு இறுகும், குடலில் காற்றும் சேரும். காற்று ஒலியலைக்குப் பெரிய தடை. தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஜெல்லே.

கையில் பிடித்திருக்கும் புரோபுக்குள் மின்சாரம் பட்டால் அதிரும் படிகங்கள் இருக்கின்றன. அழுத்தினால் சில படிகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். அதன் மறுபக்கம் மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிர்வது. வினாடிக்குப் பல பத்து லட்சம் அதிர்வுகளாகப் புறப்படும் ஒலி, உடல் திசுவில் வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு பரப்பில் பட்டு எதிரொலி திரும்பிவர ஒரு வினாடியில் ஏறத்தாழ ஏழாயிரத்து எழுநூறில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தை அளந்து ஆழத்தைக் கணித்து, புள்ளி புள்ளியாகப் படம் வரைகிறது கருவி. கிளாஸ்கோவில் இயான் டொனால்ட் தன் குழுவோடு 1958-இல் வயிற்றுக் கட்டிகளின் ஒலிப்படங்களை வெளியிட்டபோது அவை தெளிவில்லாத வெள்ளைக் கீறல்களாக இருந்தன. இன்று அதே முறையில் குழந்தையின் வயிற்றில் அரை மில்லிமீட்டர் நுணுக்கம்வரை போக முடிகிறது. குழந்தைகளுக்குக் கொழுப்பு குறைவு, உறுப்புகளும் தோலுக்கு அருகிலேயே இருக்கின்றன. அதனால் ஆழம் குறைவாகப் போனாலும் தெளிவு கூடுதலாகத் தரும் உயர் அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்தலாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே இந்தக் கருவி அதிகம் பொருந்துகிறது.

இனி ரேடியாலஜிஸ்டின் கையைக் கவனிக்க வேண்டும். புரோபை வயிற்றில் அழுத்துவதில்லை, தொட்டும் தொடாமலும் நகர்த்துகிறார். வலப்பக்கம் பெரிய கட்டி ஒன்று திரையை நிறைக்கிறது. அது கல்லீரலிலிருந்து வந்ததா, சிறுநீரகத்திலிருந்து வந்ததா? பிள்ளை அழுகிறது. அழட்டும் என்று காத்திருக்கிறார், ஏனென்றால் ஒவ்வொரு விசும்பலுக்கும் உதரவிதானம் இறங்க, கல்லீரலும் சேர்ந்து இறங்கும். கல்லீரல் கட்டியின்மேல் வழுக்கிக்கொண்டு தனியாக அசைந்தால் இரண்டும் வேறு வேறு. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நகர்ந்தால் சந்தேகம் கல்லீரல் பக்கம் சாயும். அடுத்து, கட்டியின் விளிம்பில் சிறுநீரகத்தின் மிச்சத்தைத் தேடுகிறார். சிறுநீரகத்துக்குள்ளிருந்து முளைத்த கட்டியாக இருந்தால், மிஞ்சிய நல்ல திசு கட்டியின் இரு பக்கமும் கூரிய முனைகளாக நீண்டு அதைக் கவ்விப் பிடித்திருக்கும். இதை நகக்குறி என்கிறார்கள். வெளியிலிருந்து வந்து தள்ளுகிற கட்டியாக இருந்தால் சிறுநீரகம் முழுசாக, நசுங்கி, கீழேயோ பக்கவாட்டிலோ ஒதுங்கிக் கிடக்கும், கவ்வல் இருக்காது. மருத்துவர்கள் நியூரோபிளாஸ்டோமாவை நினைப்பது அப்போதுதான்.

அதோடு முடியவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையைப் போட்டு, சிறுநீரகச் சிரையிலும் கீழ்ப்பெருஞ்சிரையிலும் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கிறார். வில்ம்ஸ் கட்டிக்கு ரத்தக்குழாய்க்குள் கொடி போலப் படர்ந்து ஏறும் பழக்கம் உண்டு. சில குழந்தைகளில் இதயத்தின் வலது மேலறைவரை போய்விடும். அறுவை மருத்துவர் இதை மேசையில் கண்டுபிடிக்கும்படி விடக் கூடாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு இதய அறுவைக் குழுவும் பக்கத்தில் வேண்டும். கடைசியாக, நல்லதாகத் தோன்றும் மற்றச் சிறுநீரகத்தைப் பொறுமையாக, இன்னும் கூர்மையான புரோபை மாற்றி வைத்துப் பார்க்கிறார். நூறில் ஐந்து முதல் ஏழு குழந்தைகளுக்கு இரு சிறுநீரகத்திலும் கட்டி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தச் சிறுநீரகத்தை முழுவதும் எடுத்துவிடலாம். இரு பக்கமும் என்றால் மருந்தால் சுருக்கி, முடிந்த அளவு நல்ல திசுவை மிச்சம் பிடிக்க வேண்டும். அதனால் நல்லது என்று நினைக்கும் பக்கத்துக்குக் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடம் குழந்தையின் எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானிக்கிறது. என்னைக் கேட்டால், இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கருவிகளையும்விட, அவசரப்படாமல் ஸ்கேன் செய்யும் ஒரு மருத்துவரின் கைக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

அல்ட்ராசவுண்டுக்குச் சேலத்தில் வேதனையான பழைய கதை ஒன்றும் உண்டு. பெண் சிசுக்கொலைக்காக இந்த மாவட்டம் நாடெங்கும் பேசப்பட்ட நாட்களில், 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது சேலத்தில்தான். பிறந்தபின் நடந்த கொலை, ஸ்கேன் பரவிய பிறகு கருவிலேயே நடக்கத் தொடங்கியது. 1994-இல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வந்தது, 2003-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. இன்று எந்த அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் பதிவு இல்லாமல் இயங்கக் கூடாது, பயிற்சி பெற்ற மருத்துவர் மட்டுமே இயக்கலாம், ‘இங்கே கருவின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது’ என்ற பலகையும் தொங்க வேண்டும். சட்டம் இன்றைக்கும் அவசியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஸ்கேன் என்றாலே கர்ப்பிணிகளுக்கானது என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் ‘குழந்தைக்கு எதுக்குங்க ஸ்கேனு?’ என்று தயங்குகிறார்கள். ஒரு காலத்தில் பெண் சிசுவைத் தேடிக் கொல்ல உதவிய அதே ஒலியலை, இன்று ஒரு பெண் குழந்தையின் சிறுநீரகக் கட்டியை நேரத்தில் கண்டு காப்பாற்றும். தயங்க எதுவுமில்லை.

அல்ட்ராசவுண்ட் வருவதற்கு முன் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றி, அது சிறுநீரகம் வழியாக வடியும்போது வரிசையாக எக்ஸ்ரே எடுத்தார்கள். 1929-இல் வழக்கத்துக்கு வந்த முறை அது. சிறுநீரகத்தின் உள்வடிகால் கோணலாகச் சிதைந்திருந்தால் கட்டி உள்ளே இருக்கிறது. சிதையாமல் மொத்தமாகக் கீழே தள்ளப்பட்டிருந்தால் வெளியிலிருந்து தள்ளுகிறது. கேள்வி அன்றும் இதேதான், கருவிதான் வேறு. சாதா எக்ஸ்ரேக்கு இன்றைக்கும் சிறு வேலைகள் உண்டு: குடல் அடைப்பைக் காட்டும், பெண் குழந்தையின் சினைப்பைக் கட்டிக்குள் பல் தெரிந்தால் அது டெரடோமா என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

அல்ட்ராசவுண்ட் பதில் சொன்ன பிறகு அடுத்த கேள்வி வருகிறது: எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எந்த ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கிறது? அதற்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் ஒரு பெண்ணின் மூளையை காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதன்முதலில் துண்டு துண்டாகப் படமெடுத்தது. 1979-இல் ஆலன் கோர்மாக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரே கதிரைச் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சி, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு கதிர் உறிஞ்சப்பட்டது என்று கணக்கிடுவதே சி.டி. நீருக்குச் சுழியம், காற்றுக்கு மைனஸ் ஆயிரம் என்று ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே அளவுகோல் இருக்கிறது. நியூரோபிளாஸ்டோமாவில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட கட்டிகளுக்குள் சுண்ணாம்புப் படிவுகள் சி.டி.யில் மணல் தூவியது மாதிரி தெரியும். வில்ம்ஸ் கட்டியில் இது குறைவு. வில்ம்ஸ் கட்டி ரத்தக்குழாய்களை ஒதுக்கித் தள்ளும். நியூரோபிளாஸ்டோமாவோ பெருந்தமனியை நாலாபுறமும் சூழ்ந்து, முதுகெலும்பிலிருந்து தூக்கிவிடும். அப்படிச் சூழப்பட்ட குழாய்களின் பட்டியலை வைத்தே, முதலில் அறுவை செய்யலாமா, மருந்தால் சுருக்கிவிட்டுச் செய்யலாமா என்று 2009-இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு முடிவு செய்கிறது. வில்ம்ஸ் கட்டி முதலில் பரவுவது நுரையீரலுக்கு. அதனால் நெஞ்சையும் அதே தடவையில் எடுத்துவிடுவார்கள்.

சி.டி.யின் விலை கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் உடலுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இயற்கையாகவே கிடைக்கிறது. ஒரே ஒரு வயிற்று சி.டி. குழந்தைக்கு அதைவிட இரண்டு மடங்கு கொடுத்துவிடலாம். பெரியவர்களுக்கான அளவிலேயே இயந்திரத்தை ஓட்டினால் இன்னும் கூடும். பிரிட்டனில் குழந்தைப் பருவத்தில் சி.டி. எடுத்த ஏறத்தாழ 1,80,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின் கணக்கு இது: பத்து வயதுக்குள் தலை சி.டி. எடுத்த பத்தாயிரம் குழந்தைகளில், அடுத்த பத்தாண்டுக்குள் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம். புற்றுநோய் இருக்கிற குழந்தைக்கு ஒரு நல்ல சி.டி.யின் பயன் இந்த ஆபத்தைவிடப் பல மடங்கு பெரிது. அதை மறுத்துவிட்டு வீட்டுக்குப் போவது பெரும் தவறு. அதே சமயம், தேவையில்லாமல் இரண்டாவது முறை எடுப்பதற்கு நியாயமே இல்லை. குழந்தையின் எடைக்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். படம் துலங்க நரம்பில் மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு படம், ஏற்றியதும் ஒரு படம், பிறகு ஒரு படம் என்று பெரியவர்களுக்குச் செய்வதுபோல் மூன்று முறை எடுக்க வேண்டியதில்லை, பெரும்பாலான குழந்தைக் கட்டிகளுக்குச் சரியான நேரத்தில் எடுத்த ஒரே படம் போதும். ‘குழந்தைக்கான அளவுதானே போடறீங்க?’ என்று ஸ்கேன் மையத்தில் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. 2008-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘இமேஜ் ஜென்ட்லி’ இயக்கம் பெற்றோரையே இதைக் கேட்கத் தூண்டியது.

கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. இருக்கும்போது அதையே எடுத்தால் என்ன? எடுக்கலாம்; இயந்திரமும் மயக்க மருத்துவரும் இருக்கும் இடங்களில் அதுவே நல்லது. நியூரோபிளாஸ்டோமா முதுகெலும்பின் துளைக்குள் புகுந்து தண்டுவடத்தை அழுத்துகிறதா என்பதை அதுபோல் வேறெதுவும் காட்டாது. 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலம் பூமியின் புலத்தைப்போல் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. அந்தப் புலத்தில் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் ஒழுங்குபடும். ரேடியோ அலையால் அவற்றைக் கலைத்து, அவை திரும்பும்போது தரும் சைகையைப் படமாக்குகிறார்கள். சிக்கல் நேரம்தான். அரை மணி முதல் ஒரு மணிவரை, அதுவும் சம்மட்டி அடிக்கும் சத்தத்துக்குள், மூன்று வயதுப் பிள்ளை அசையாமல் படுக்காது. ஆகவே மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு மட்டும் எளிய வழி உண்டு: ஸ்கேனுக்கு முன் பட்டினி போட்டு வைத்திருந்து, நேரம் வந்ததும் வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியால் இறுகச் சுற்றிக் காதை மூடிவிட்டால் தானாகவே தூங்கிவிடும்.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது புற்றணுவைக் காட்டாது. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பெயர் உறுதியாகும். லீ பஜார் அரிசி மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் கூர்நுனிக் குழாயைக் குத்தி ஒரு கை அரிசி எடுத்துப் பார்ப்பார்களே, அதுமாதிரிதான் ஊசி பயாப்சி. குத்திய ஓட்டை வழியாக நாலு அரிசி தரையில் சிந்தினால் மண்டியில் யாருக்கும் நஷ்டமில்லை, வில்ம்ஸ் கட்டியில் அந்த நாலு அணுக்களும் முக்கியம். இந்த இடத்தில் உலகமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வட அமெரிக்க வழியில், முடிந்தால் முதலிலேயே கட்டியைச் சிறுநீரகத்தோடு எடுத்துவிடுவார்கள். அறுவைக்கு முன் பயாப்சி செய்த குழந்தையை மூன்றாம் நிலை என்றே கணக்கிடுவார்கள். 1971 முதல் தொடர் ஆய்வுகள் நடத்திவரும் ஐரோப்பிய வழியில், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குப் படமும் வயதும் பொருந்தினால் பயாப்சி இல்லாமலே நான்கு வாரம் வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் மருந்துகளைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, உறையைக் கெட்டியாக்கி, பிறகு எடுப்பார்கள். படத்தை மட்டும் நம்புவதற்கு அவர்கள் தரும் விலை, நூறில் ஒன்றிரண்டு குழந்தைகள் புற்றுநோய் இல்லாத கட்டிக்கு மருந்து வாங்கிக்கொள்வது. இரு வழியிலும் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் ஊர்களில் குழந்தைகள் பெரிய கட்டியோடு தாமதமாக வருவதால் மருந்தை முதலில் கொடுக்கும் வழியே பெரும்பாலும் பொருத்தம் என்பது என் கருத்து. அந்த வழியைத் தேர்ந்தால் ஸ்கேனைப் படிப்பவரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது, ஏனெனில் அவருடைய சொல்லே நோயின் பெயராகிவிடுகிறது.

நியூரோபிளாஸ்டோமாவுக்கு இன்னொரு அற்புதமான கருவி உண்டு. இந்தக் கட்டியின் அணுக்கள் நார்அட்ரினலினை உள்ளிழுக்கும் இயல்புள்ளவை. அந்தப் பொருளைப் போலவே உருவமுள்ள எம்.ஐ.பி.ஜி. என்ற மூலக்கூறில் கதிர்வீசும் அயோடினைக் கட்டி நரம்பில் ஏற்றினால், பத்தில் ஒன்பது கட்டிகள் அதைப் பசியோடு விழுங்கி, கேமராவில் ஒளிரும். வயிற்றில் மட்டுமல்லாமல் தொடையெலும்பிலும் மண்டையோட்டிலும் ஒளிந்திருக்கும் துணுக்குகளும் தெரிந்துவிடும். தைராய்டு அந்த அயோடினைப் பிடித்துக்கொள்ளாமலிருக்க முன்கூட்டியே சாதா அயோடின் சொட்டு கொடுப்பார்கள். 13 மணி நேர அரை ஆயுளுள்ள அயோடின்-123 தெளிவான படம் தரும்; அதைச் செய்ய சைக்ளோட்ரான் வேண்டும், நம் நாட்டில் கிடைப்பது அரிது. எட்டு நாள் அரை ஆயுளுள்ள அயோடின்-131-ஐ வைத்தோ, காலியம்-68 கொண்ட பெட் ஸ்கேனை வைத்தோ நம் மருத்துவர்கள் சமாளிக்கிறார்கள். இதோடு சிறுநீரில் வி.எம்.ஏ. என்ற கழிவுப்பொருளும் அளக்கப்படும், எலும்பு மஜ்ஜையும் சோதிக்கப்படும். கல்லீரல் கட்டிக்கு ரத்தத்தில் ஆல்பா ஃபீட்டோ புரோட்டீன். படமும் ரத்தமும் ஒன்றையொன்று உறுதி செய்ய வேண்டும்.

அப்படியென்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் முன்கூட்டியே சோதனை செய்து பார்த்துவிடலாமே? ஜப்பான் செய்து பார்த்தது. 1980-களின் நடுவிலிருந்து ஆறு மாதக் குழந்தைகள் அனைவருக்கும் சிறுநீர்ச் சோதனை நடத்தி நியூரோபிளாஸ்டோமாவைத் தேடினார்கள். கண்டுபிடிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை கூடியது, இறப்பு குறையவில்லை. கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2002-இல் அதே முடிவைச் சொன்னதும், 2004-இல் ஜப்பான் திட்டத்தை நிறுத்தியது. காரணம், கைக்குழந்தையின் நியூரோபிளாஸ்டோமாவில் ஒரு பகுதி தானாகவே கரைந்துவிடும். சோதனை அவற்றைத்தான் கண்டுபிடித்தது. ஆபத்தான வகை பின்னால் வேறு வேகத்தில் வந்தது. தானே மறைய இருந்த கட்டிக்காகப் பல குழந்தைகள் அறுவையும் மருந்தும் அனுபவித்தார்கள். பிறகு 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆறு மாதத்துக்குள் கண்ட சிறிய அட்ரினல் கட்டிகளை அல்ட்ராசவுண்டால் மட்டும் கண்காணித்தார்கள். ஐந்தில் நான்கு குழந்தைகள் கத்தி படாமலே தப்பினார்கள், மூன்றாண்டு முடிவில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். ஆகவே ஆரோக்கியமான பிள்ளைக்கு ‘எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்’ என்பது சரியில்லை. விதிவிலக்கு உண்டு: பிறவியிலேயே நாக்கு மிகப் பெரிதாக இருக்கும் குழந்தை, ஒரு பக்கத்துக் கையும் காலும் மறுபக்கத்தைவிடப் பருத்திருக்கும் குழந்தை, கண்ணில் கருவிழித்திரை இல்லாமல் பிறந்த குழந்தை. இவர்களுக்கு வில்ம்ஸ் கட்டி வரும் வாய்ப்பு கூடுதல், சில வகைகளில் கல்லீரல் கட்டியும் வரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஏழு வயதுவரை அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் சில நிமிடம். முதல் கேள்விக்கான பதில் அங்கேயே கிடைக்க வேண்டும். அதற்கு மேல் சிறப்புச் சிகிச்சை என்றால் வேலூர் சி.எம்.சி., கோவை, சென்னை. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1960-இலேயே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது, நாட்டில் அதுவே முதல். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தங்கள் வாழ்நாளையே அங்கே கொடுத்தார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம்வரை செலவை ஏற்கிறது. விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயிலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு மருத்துவச் செலவைவிட நாள்கூலி போவதும் தங்க இடமில்லாததும்தான் பெரிய பாரம். பாதியில் சிகிச்சையை விடுவது பெரும்பாலும் இதனால்தான் நடக்கிறது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேர் குணமாகிறார்கள். 2030-க்குள் உலகெங்கும் பத்தில் ஆறு பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தபோது, முதல் கவனத்துக்கு எடுத்த ஆறு நோய்களில் வில்ம்ஸ் கட்டியும் ஒன்று.

சிகிச்சை முடிந்த பிறகும் ஸ்கேன் தொடரும், நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பும். வில்ம்ஸ் கட்டி திரும்பியது சி.டி.யில் தெரிந்தவர்களையும், நெஞ்சு எக்ஸ்ரேயிலோ வயிற்று அல்ட்ராசவுண்டிலோ தெரிந்தவர்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், உயிர் பிழைப்பதில் வித்தியாசமே இல்லை. இது சேலத்துக் குடும்பத்துக்கு மிகப் பெரிய செய்தி: ஒவ்வொரு தடவையும் சென்னை போகாமல், ஊரிலேயே ஒரே மருத்துவரிடம் பார்த்து அறிக்கையை அனுப்பலாம். பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டை, அறிக்கைத் தாளோடு சேர்த்து ஒரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தாளில் எழுதியதை வைத்து மட்டும் ஒப்பிட முடியாது, படமே வேண்டும். ஒவ்வொரு முறையும் மிஞ்சிய சிறுநீரகத்தை அளந்து நீளத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். இரண்டின் வேலையை ஒன்றே செய்வதால் அது வயதுக்குரிய அளவைவிடப் பெரிதாக வளரும். ‘சிறுநீரகம் பெருத்திருக்கிறது’ என்று அறிக்கையில் வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் அது நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பொருள்.